சத்தமில்லாத வாசற்காட்சி

பேச்சில்லாத காட்சியை முதலில் வெட்டு என்று உங்களுக்கும் யாராவது சொல்லித் தந்திருப்பார்கள். சொன்னவர் மடையர். எனக்கு அதைச் சொல்லித் தந்தவரும் மடையர்தான். ரொறன்ரோவில் என்னை எடிட்டிங் மேசையில் இருத்தி வேலை பழக்கியவர் அவர். நேர்மையான மனிதர். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. மரியாதை வேறு, அவர் சொன்னது சரியா என்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் இந்தத் தொழிலில் உருப்பட மாட்டீர்கள்.

நான் எழுதுவது தொலைக்காட்சியில் படம் வெட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு. உங்கள் கம்ப்யூட்டர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் போவதில்லை. எதை வெட்டுவது, எதை விடுவது என்பது கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் வேலை செய்தது ஒரு பல மொழித் தொலைக்காட்சி நிலையத்தில். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நாட்டுக்காரருக்கு, மத்தியானம் இன்னொரு நாட்டுக்காரருக்கு, அதற்குப் பிறகு தமிழரான எங்களுக்கு என்று நேரத்தைப் பிரித்து வைத்திருந்தார்கள். எல்லா நாட்டுப் படமும் வரும். எல்லாப் படமும் எங்களுக்குக் கொடுத்த நேரத்தைவிட நீளமாக இருக்கும். விளம்பரத்துக்கும் இடம் விட வேண்டும். அதனால் வெட்டுவோம்.

மொழி தெரியாதவனுக்கு வெட்டச் சுலபமானது மௌனம்தான். பேச்சில் கை வைத்தால் எங்கே வசனம் முடிகிறது, யார் யாருக்குப் பதில் சொல்கிறார் என்று தெரியாது. ஒருத்தி ஜன்னலோரம் நிற்கிறாள், ஒருவன் ரோட்டில் நடக்கிறான் என்றால் பயமில்லாமல் எடுக்கலாம். சனம் சமைத்துக்கொண்டும் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டும் காதால்தான் படம் பார்க்கிறது என்று என்னைப் பழக்கியவர் சொல்வார். திரையில் சத்தம் நின்றால் உடனே நிலையத்துக்கு ஃபோன் அடிப்பார்கள், "சத்தம் வரேல்லை" என்று. எங்கள் நிலையத்தில் எல்லாருக்கும் சாவுப் பயத்தைவிடப் பெரிய பயம் அந்த ஃபோன்தான்.

துருக்கிப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் எழுத நெர்மின் என்று ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். தலையில் முக்காடு கட்டி, தாடைக்குக் கீழே ஊசி குத்தியிருப்பாள். அண்ணன் குடும்பத்தோடு வோபர்னில் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தாள். என்னை "அப்லா" என்று கூப்பிடுவாள். அவர்கள் மொழியில் அக்கா. நாங்கள் பேசியது இரண்டு பேருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலத்தில். அதை என் பேச்சுத் தமிழில் எழுதுகிறேன். அவளுக்கு இது பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

பக்கத்தில் இருந்து படம் படமாகப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று பிடிபட்டது. முக்காடு கட்டிய பெண்கள் அந்தப் படங்களில் நிறைய வந்தார்கள். ஆனால் ஒருத்தியும் கதையில் இல்லை. நகரத்து வீட்டில் தேநீர் கொண்டுவந்து வைப்பவள் முக்காடு. தேநீர் குடிப்பவள் வெறுந்தலை. சிரிப்புப் படத்தில் பல்கனியிலிருந்து வம்பளக்கும் பக்கத்து வீட்டுக்காரி முக்காடு. கிராமத்துத் தாய் முக்காடு, அவள் அழுவதற்கு.

"மற்றப் பக்கத்து ஆக்களும் படம் எடுக்கினம், அப்லா," என்றாள் நெர்மின். "பக்தியான ஆக்கள். அதுகளிலை பெரிய இடத்துப் பெட்டை ஒருத்தி குடிச்சு, ஆடி, சீரழிவாள். கடைசியிலை துணியைக் கட்டுவாள். புல்லாங்குழல் வாசிப்பினம். முகத்திலை வெளிச்சம் விழும்."

"பிறகு?"

"பிறகென்ன? துணி கட்டினவுடனை அவளுக்கு வசனம் குறைஞ்சிடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் படங்களில் காற்சட்டை போட்ட கதாநாயகியைக் கடைசியில் சேலை உடுத்தித் தலைகுனிய வைப்பார்கள், அவளுக்கும் அத்தோடு வாய் போய்விடும் என்று சொன்னேன். அவளும் சிரித்தாள்.

"ஒரு படத்திலை தேத்தண்ணி கொண்டுவாறாள். மற்றப் படத்திலை சொர்க்கத்துக்குப் போறாள்," என்றாள். "பஸ்ஸிலை போறவள் எங்கை?"

பஸ்ஸில் போகிறவள் ஒரு நாள் வந்தாள்.

அந்தப் படத்தைத் தேடி வரவழைத்ததே நெர்மின்தான். சின்னப் படம். பெரிய நடிகர்கள் இல்லை. ஒரு தையற்காரரின் மகள் இஸ்தான்புல்லில் பல்கலைக்கழகம் போகிறாள். முக்காட்டோடு உள்ளே விடமாட்டார்கள், அரசாங்கத் தடை. ஒவ்வொரு நாளும் வாசலில் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு உள்ளே போகிறாள். திரும்பி வரும்போது ஒரு தேநீர்க் கடையின் கழிவறையில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். தகப்பனுக்கு அவள் கழற்றுவது தெரியாது. கூடப் படிப்பவர்களுக்கு அவள் கட்டுவது தெரியாது. அவ்வளவுதான் கதை. கட்டுவது சரி என்றோ கழற்றுவது சரி என்றோ படம் ஒரு இடத்திலும் சொல்லவில்லை.

அவள் கட்டுகிற, கழற்றுகிற காட்சி ஒன்றிலும் பேச்சுக் கிடையாது. எங்கள் பிரிவில் வழக்கம்போல வெட்டியபோது போனது முழுக்க அதுதான். கண்ணாடி முன்னால் ஊசி குத்துவது போயிற்று. வாசல் போயிற்று. கழிவறை போயிற்று. மிஞ்சியது என்ன? வீட்டில் முக்காடு, வகுப்பில் வெறுந்தலையோடு பொடியன்களோடு சிரிப்பு, திரும்ப வீட்டில் முக்காடு. பார்க்கிறவனுக்கு அவள் ஒரு கள்ளி.

சப்டைட்டில் எழுத வந்த நெர்மின் அதைப் பார்த்துவிட்டு எழும்பி நின்றாள்.

"வாசல் எங்கை?"

"எந்த வாசல்?"

"அப்லா, வாசல் எங்கை?"

வெட்டி வைத்த துண்டைத் தேடி எடுத்துப் போட்டேன். அப்போதுதான் நான் அதை ஒழுங்காகப் பார்த்தேன்.

மழை பெய்கிறது. ஆனால் மழைச் சத்தத்தைக்கூட இயக்குநர் எடுத்துவிட்டார். மாணவர்கள் வரிசையாக உள்ளே போகிறார்கள். காவல்காரன் ஒன்றும் பேசவில்லை. அவள் தலையைப் பார்த்துத் தாடையை லேசாக உயர்த்துகிறான். அவள் பையை மதிலில் வைக்கிறாள். ஊசியை எடுத்துப் பல்லால் கடித்துக்கொள்கிறாள். துணியை அவிழ்க்கிறாள். மழையில் நின்று அதை ஒழுங்காக மடிக்கிறாள், கடையில் மடிப்பதுபோல. பக்கத்தால் போகிறவர்கள் பார்க்காத மாதிரிப் போகிறார்கள். கெமரா அசையவில்லை.

கொழும்பில் பஸ்ஸில், சோதனைச் சாவடி வரப்போகிறது என்று தெரிந்ததும் தமிழச்சி என்று தெரியாமலிருக்க, சேலைத் தலைப்பை எச்சிலில் நனைத்து நான் என் பொட்டை அழித்திருக்கிறேன். பக்கத்தில் இருந்தவள் பார்க்காத மாதிரி வெளியே பார்த்தாள். அவளும் அழித்திருந்தாள். நெர்மினிடம் இதைச் சொன்னேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "உங்களை அவங்கள் சுட்டிருப்பாங்கள். என்னை வகுப்புக்குத்தான் விடேல்லை. ரெண்டையும் ஒண்டாக்காதேங்கோ."

சரியான பதில். உங்கள் சொந்தக் காயத்தைக் கொண்டுபோய் அடுத்தவர் படத்தில் ஒட்டாதீர்கள் என்று எனக்குச் சொல்லித் தந்தது அந்த ஒரு வசனம்தான். ஆனால் அவள் "என்னை" என்று சொன்னதைக் கவனித்தேன். கேட்டேன். சொன்னாள்.

அவளும் ஒரு வருஷம் அந்த மாதிரி வாசலில் கழற்றிவிட்டுப் படித்தவள். பிறகு தாங்க முடியாமல் விட்டுவிட்டு வந்தவள். அவளைக் கட்டச் சொல்லி ஒருவரும் வற்புறுத்தவில்லை, அவளாகக் கட்டியது. தாய் கிராமத்துப் பூப்போட்ட துணியைத் தாடையில் முடிந்துகொண்டு காலம் முழுக்க ரொட்டி சுட்டவள். அதை ஒரு அரசாங்கமும் கேள்வி கேட்கவில்லை. மகள் ஊசி குத்தி, கையில் புத்தகத்தோடு வந்ததும்தான் பிரச்சினை.

"அண்ணனுக்கு நான் கழட்டினது தெரியாது," என்றாள். "வாசலிலை மறிச்சவுடனை நான் படிப்பைத் தூக்கி எறிஞ்சுபோட்டு வந்தனான் எண்டு பள்ளிவாசல் முழுக்கச் சொல்லி வைச்சிருக்கிறான். என்னை ஒரு கொடி மாதிரிப் பிடிச்சுக்கொண்டு திரியிறான். இஞ்சை கொலிஜ்ஜிலை எனக்கு இடம் கிடைச்சிருக்கு. படிப்பை எறிஞ்சவள் திரும்பப் படிக்கப் போனால் அவன்ரை கதை கெட்டுப்போகும். அதுதான் விடுறானில்லை."

"வாயைத் திறந்து சொல்லன்."

"வருதில்லை. எத்தினை தரம் துடங்கினன். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலை எல்லாரும் இருந்து இந்தப் படம் பாப்பம். வாசல் வரேக்கை, இது நான் எண்டு சொல்லுவன். அதுக்குப் பிறகு அவன் என்னை அடிச்சாலும் சரி. ஆனால் வாசலைப் பாத்தாப்பிறகு அடிக்க மாட்டான். அவன் கெட்டவனில்லை, அப்லா. காவல்காரனும் கெட்டவனில்லை. எல்லாரும் நல்லவங்கள்."

அவளுடைய படிப்பு அந்தத் துண்டில் இருந்தது. நான் எங்கள் மேலாளரிடம் போனேன். அவர் யாழ்ப்பாணத்து ஆள், கொழும்பில் விளம்பரக் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர். எல்லாரும் அண்ணை என்று கூப்பிடுவோம்.

"உது பேச்சில்லாத இடம்தானே. ஏன் அந்தப் பிள்ளை துள்ளுறாள்?" என்றார்.

"அண்ணை, படமே அந்த இடம்தான்."

"படமெண்டால் கதை இருக்க வேணும் தங்கச்சி. துணியைக் கழட்டிறதும் கட்டிறதும் என்ன கதை?"

"எங்கடை பெண்டுகள் பஸ்ஸுக்கை பொட்டை அழிச்சது கதையில்லையோ?"

அவர் முகம் மாறியது. "உதை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறாய்?"

இழுக்காதே என்று நெர்மின் சொன்னதுதான். இருந்தாலும் இழுத்தேன். நியாயம் பேசி அசைக்க முடியாத ஆளை வேறு எதைக் கொண்டு அசைப்பது?

பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். "சரி. அந்தப் பேராசிரியர் கிழவன் கதைச்சுக்கொண்டே இருக்கிறான், அதை எடுத்துப்போட்டு உன்ரை வாசலைப் போடு. நேரம் மட்டும் பிசகக்கூடாது."

"ஒருக்கால் பாருங்கோ அண்ணை. சத்தமே இல்லாத இடம். மழைச் சத்தமும் இல்லை."

"உன்னிலை எனக்கு நம்பிக்கை. நான் பாக்கத் தேவையில்லை."

பிள்ளைகளே, இந்த வசனத்தைக் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். உன்னில் நம்பிக்கை என்று சொல்லிக் கையைக் கழுவுகிறவனுக்குப் பார்க்க மனமில்லை. அவ்வளவுதான் அதன் அர்த்தம். ஒளிபரப்பில் கை வைக்கிற ஆள் பார்க்காத எதையும் ஒளிபரப்ப விடாதீர்கள். கதவைப் பூட்டி, கதிரையில் இருத்தி, காட்டுங்கள். திட்டு வாங்குங்கள். பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு வேலை இல்லை. இருந்தும் போனேன். ஒளிபரப்பு அறையில் அண்ணை இருந்தார். சின்ன நிலையம், ஞாயிறுகளில் அவரே பொத்தான்களுக்கு முன்னால் இருப்பார். ஒரு பக்கம் படம் ஓடும். மறுபக்கம் விளம்பர நாடா தயாராக நிற்கும். நான் பின்னால் சுவரோடு நின்றேன்.

படம் நன்றாகப் போனது. கண்ணாடி முன்னால் அவள் ஊசி குத்தும் இடம் கடந்தது. வாசலோடு அதையும் திரும்பச் சேர்த்திருந்தேன்; சின்ன இடம், ஃபோன் வரவில்லை. பிறகு பஸ். பிறகு வாசல். சத்தம் நின்றது.

காவல்காரன் தாடையை உயர்த்தினான். அவள் பையை மதிலில் வைத்தாள்.

ஃபோன் அடித்தது.

இன்னொரு ஃபோன் அடித்தது. அண்ணை சத்தக் குமிழைத் திருகினார். ஒன்றுமில்லை. இன்னும் திருகினார். மூன்றாவது ஃபோனும் தொடங்கியது.

"சத்தம் போச்சு! சத்தம் போச்சு!" என்று எழும்பினார்.

"தொடாதேங்கோ அண்ணை, படமே அப்பிடித்தான்!"

நான் கத்தினேன். சத்தமாகத்தான் கத்தினேன். அவர் விரல் அதற்குள் பொத்தானில் விழுந்துவிட்டது. திரையில் அந்தப் பெண்ணின் கை ஊசிக்குப் போனது. அவ்வளவுதான். அடுத்து, மலிவு விலைத் தொலைபேசி அட்டை விளம்பரம். ஒரு குடும்பம் முழுக்க ரிசீவரைப் பிடித்துக்கொண்டு பல் காட்டிச் சிரித்தது. மேளம் அடித்தது.

விளம்பரத்துக்குக் கீழே படம் தன்பாட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது அவள் வகுப்பில் இருந்தாள், வெறுந்தலையோடு, சிரித்துக்கொண்டு.

"பின்னுக்கு எடுங்கோ," என்றேன்.

"விசரே உனக்கு? ஒளிபரப்பிலை பின்னுக்கு எடுக்கிறதோ?"

"அண்ணை..."

"சிக்னல் போச்செண்டு நினைச்சன் பிள்ளை. இப்ப என்ன, கொஞ்ச நேரம்தானே போனது. கதை விளங்குதுதானே!"

கதை விளங்கியது. அதுதான் கேடு. வெட்டிய படத்தில் குழப்பமாவது இருந்திருக்கும். இது குழப்பமே இல்லாமல் விளங்கியது. கை துணிக்குப் போகிறது, விளம்பரம், துணி இல்லை, சிரிப்பு.

படம் முடிந்ததும் திரும்ப ஃபோன்கள். துருக்கிக்காரர் ஒருவர், எங்கள் நாட்டுப் பெண்களை முக்காட்டோடு காட்டி மானத்தை வாங்குகிறீர்களா என்று ஏசினார். இன்னொருவர் முக்காடு போட்ட பிள்ளையைக் கழற்ற வைத்துக் கேவலப்படுத்துகிறீர்களா என்று ஏசினார். வாசலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வாசலை ஒருவரும் பார்க்கவில்லையே. கடைசியாகத் தமிழ் ஆள் ஒருவர் ஃபோன் எடுத்து, "உது முடிஞ்சுதோ? எங்கடை படம் எப்ப துடங்கும்?" என்று கேட்டார்.

அடுத்த நாள் நெர்மின் வந்தாள். கோட்டைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தாள்.

நான் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினாள். "தெரியும். ஃபோன் அடிச்சிருப்பினம்."

"வீட்டிலை என்ன நடந்தது?"

"வாசல் வந்தது. நான் வாயைத் திறந்தன். விளம்பரம் வந்தது. பிறகு அவள் வகுப்பிலை இருந்தாள். அண்ணன் சொன்னான், பாருங்கோ, ஒரு விளம்பரத்துக்குள்ளை கழட்டிப்போட்டாள் எண்டு. எல்லாரும் சிரிச்சவை." அவள் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் சிரிச்சனான், அப்லா."

நான் என் கதிரையை அவளுக்குக் கிட்ட இழுத்துப் போட்டேன்.

"பிறகு என்ரை தலையைத் தடவிச் சொன்னான், நல்ல காலம் நீ உப்பிடி ஆகிறதுக்கு முந்தியே வெளிக்கிட்டிட்டாய் எண்டு. நான் ஓம் எண்டன்."

"முழுப் படமும் என்னட்டை இருக்கு. கொண்டுபோய்க் காட்டு. நான் வேணுமெண்டால் உன்னோடை வாறன்."

"அவன் ஒருக்காப் பாத்திட்டான்," என்றாள். "ஒருக்காப் பாத்ததைத்தான் மனுசன் பாப்பான். நான் ஓம் எண்டும் சொல்லிப்போட்டன்."

இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங் மேசையில் நாங்கள் ஒரு காட்சியை நூறு முறை பார்க்கிறோம். வீட்டில் இருப்பவன் ஒரு முறைதான் பார்க்கிறான். பிழையாக ஒளிபரப்பியதைத் திருத்தி ஒளிபரப்ப முடியாது. மன்னிப்புக் கேட்கலாம். கேட்டு என்ன? அண்ணை அவளிடம் மன்னிப்புக் கேட்டார், ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார். அவளும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். எனக்கு அந்தப் பெட்டியை அவர் மண்டையில் போட வேண்டும்போல இருந்தது.

அவர் கொடியவர் இல்லை. அதுதான் என் ஆத்திரமே. கொடியவன் ஒருவன் திட்டமிட்டுக் கெடுத்திருந்தால் அவனைப் பிடித்து இரண்டு அறை கொடுத்துவிட்டு ஆறியிருப்பேன். இவர் பயத்தில் பொத்தானை அமத்தினார். சத்தம் நின்றால் பயப்படும்படி எங்கள் எல்லாரையும் பழக்கி வைத்திருந்தார்கள். துருக்கியில் படம் எடுத்தவர்களில் ஒரு பக்கம் அந்தத் துணியைக் காட்டிச் சிரித்தது. மற்றப் பக்கம் அதற்குப் புல்லாங்குழல் வாசித்தது. ஒரே ஒருவர் அந்தத் துணிக்குள் இருந்த தலையை வாசலில் நிறுத்திக் கொஞ்ச நேரம் சும்மா பார்க்கச் சொன்னார். அந்தச் சும்மாவை எங்களால் தாங்க முடியவில்லை. மேளத்தைப் போட்டோம்.

அந்த மாதத்தோடு நெர்மின் வேலையை விட்டுவிட்டாள். நான் அதற்குப் பிறகு, பேச்சைத்தான் வெட்டினேன். ஏச்சும் வாங்கினேன். மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் ஒரு மௌனத்திலும் கை வைத்ததில்லை.

கன காலத்துக்குப் பிறகு அஜின்கோர்ட்டில் ஒரு மரக்கறிக் கடையில் அவளைக் கண்டேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றாள். அவள்தான் முதலில் "அப்லா" என்றாள். குளிரைப் பற்றிப் பேசினோம். என் பிள்ளைகளைக் கேட்டாள். நானும் ஒரு கேள்வி கேட்டேன், ஒரு சொல்லில் பதில் சொன்னாள். போகும்போது திரும்பி, "இப்பவும் சத்தமில்லாத இடத்தை வெட்டுறியளோ?" என்றாள்.

"இல்லை," என்றேன்.

"நல்லம்," என்று தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

இந்தக் கதையைப் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பல முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முடிவில் ஒருவர் கையை உயர்த்துவார். கடையில் கண்டபோது அவள் தலையில் முக்காடு இருந்ததா, இல்லையா என்று கேட்பார். நான் சொல்வதில்லை. உங்களுக்கும் சொல்லப் போவதில்லை.

அவள் படித்தாளா என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

படிக்கவில்லை.